எண்பத்து நான்குக்கு மேல் அனுமதியில்லை

என் வலைப்பதிவில் யாரும் என்னைத் திட்டி நாலு வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டையில் என் வயசுக்காரர்கள் நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் சர்க்கரை அளவைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நான் இதைச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் மின்பிரிவு சூப்பர்வைசராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஆலையில் பார்த்தது, கேட்டது, சிரித்தது எல்லாவற்றையும் வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தேன். இந்தக் காலத்தில் வலைப்பதிவா என்று கேட்காதீர்கள். ஓடுகிற படங்களும் பேசுகிற எந்திரங்களும் அலுத்துப்போய் ஒரு சின்னக் கூட்டம் எழுத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. சின்னக் கூட்டம்தான். ஆனால் திட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும்போல விதிகள் எழுதி மேலே ஒட்டி வைத்தேன். சாதியை இழுக்காதீர்கள், வீட்டுப் பெண்களை இழுக்காதீர்கள், சொந்தப் பெயரில் வாருங்கள், இன்னும் என்னென்னவோ. விதியைப் படிக்கிறவன் திட்டமாட்டான், திட்டுகிறவன் விதியைப் படிக்கமாட்டான் என்பது தெரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

என் மனைவி கோமதி இறந்த பதினாறாம் நாள் அவளைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். முகம் தெரியாத ஒருவன் வந்து அவளைப் பற்றி ஒரு வரி எழுதினான். அந்த வரியை இங்கே சொல்லமாட்டேன். அழித்தேன். வேறு பெயரில் அதே வரி வந்தது. அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு தடவை அழித்தேன். பன்னிரண்டாவது தடவை அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் ‘நிதானம்’ வாங்கினேன்.

நிதானம் என்பது பின்னூட்டப் பெட்டிக்கு வைக்கிற ஒரு பூட்டு. டாக்டர்கள் சொல்லி எல்லோரும் இப்போது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறோம் இல்லையா, அந்தப் பட்டையிலிருந்து இது நாடியை வாங்கிக்கொள்ளும். எழுதும்போது நாடி இத்தனைக்கு மேல் போனால் பின்னூட்டம் ஏறாது. அவ்வளவுதான் சங்கதி. “வார்த்தையைப் பாக்கற காவலாளிய ஏமாத்திடலாம் சார், நடுவுல ஒரு புள்ளி வெச்சா போதும். நாடிய ஏமாத்த முடியாது. நாடி நிதானமா இருக்கறவங்க நாகரிகமாத்தான் எழுதுவாங்க,” என்று போனில் பேசிய பெண் சொன்னாள். எத்தனை வைக்கலாம் என்று கேட்டேன். எண்பத்து நான்கு வையுங்கள் என்றாள். வைத்தேன். தடுக்கப்பட்டவர்கள் என்ன எழுதினார்கள் என்று அது எனக்குக் காட்டாது. காட்டினால் நான் படித்துப் புண்படுவேனாம். எந்த நேரம், எத்தனை துடிப்பு என்று மட்டும் ஒரு பட்டியல் இருக்கும்.

அன்றிலிருந்து நிம்மதி. ஆஸ்துமாக்காரர் ஒருவர் மட்டும் தன்னால் எழுதவே முடியவில்லை என்று மின்னஞ்சலில் குறைபட்டுக்கொண்டார். மாடிப்படி ஏறிவந்த உடனே எழுதாதீர்கள் என்று அவருக்கு யோசனை சொன்னேன். மற்றபடி வந்தவர்கள் எல்லாம் தங்கமான மனிதர்கள். நேயன் என்று ஒருவர் தவறாமல் வருவார், நாடி அறுபத்து நாலு. கோமதியின் முதல் வருஷ நினைவுப் பதிவுக்கு அவர் எழுதியது: “தங்கள் துயரில் பங்குகொள்கிறேன். இறுதிப் பத்தியில் எழுத்துப்பிழைகள் மூன்று.” கோபப்பட என்ன இருக்கிறது? மூன்று பிழை இருக்கத்தான் செய்தது.

எல்லோருக்கும் பதில் போடுவது வலைப்பதிவர் மரபு. நானும் போடுவேன். வயசான விரலுக்கு அது பெரிய வேலை. அதனால் போனில் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒற்றை வரிக்கு “வருகைக்கு நன்றி.” நாலைந்து வரிக்கு “வருகைக்கும் கருத்துக்கும் நன்றி.” அதைவிட நீளமாக இருந்தால் “விரிவான கருத்துக்கு நன்றி, தொடர்ந்து வாசியுங்கள்.” நீளத்தைப் பார்த்தால் போதும், விரல் தானாகப் போய்விடும்.

போன ஆடி மாதம் ‘கட்டிங் போட்டவனும் கரண்டும்’ என்று ஒரு பதிவு எழுதினேன். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். ஆலைக் குடியிருப்புக்குப் போகிற லைனில் வேலை பார்க்க ஒரு வயர்மேன் கம்பத்தில் ஏறினான். போதையில் பியூஸைப் பிடுங்க மறந்துவிட்டு, கம்பத்தோடு சம்பந்தி மாதிரி பேசிக்கொண்டே ஏறினான் என்று எழுதியிருந்தேன். கடைசியில் அவன் செத்துப்போனான் என்பதையும், மின்சாரத்தோடு விளையாடாதீர்கள் என்ற புத்திமதியையும் சேர்த்திருந்தேன். ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது அந்தச் சம்பந்திப் பேச்சுதான். போன் போனாகப் பரவியது. இருநூற்றுச் சொச்சம் பின்னூட்டம். என் வாழ்நாளில் அத்தனை பார்த்ததில்லை.

பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தினமும் பகல் ஒன்றரைக்கு ஒரு துடிப்பு, ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். நூற்றுப் பதினெட்டு. மறுநாள் நூற்று இருபத்து நாலு. அப்புறம் நூற்றுப் பத்து. ஒன்றும் ஏறவில்லை. இப்படி நாற்பத்தோரு நாள். எவனோ சாப்பிட்டு முடித்ததும் என்னைத் திட்ட உட்காருகிறான் என்று நினைத்து, நிதானம் வாங்கியது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நாற்பத்திரண்டாம் நாளிலிருந்து அந்த ஆள் வரவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு போன்.

“பெருமாள் சாருங்களா? நான் கோவில்பட்டி தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுத தாவீது பேசுதேன். உங்க பதிவுக்கு ஒரு பின்னூட்டம் போட்டிருந்தேன். நீங்க நன்றின்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. எல்லாருக்கும் போடுவேன்.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு அம்மா கேக்காக சார். மூணு நாளா வந்து என் பக்கத்துல உக்காந்திருக்காக. எனக்குச் சொல்லத் தெரியல.”

போனை வைத்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். இருநூற்றுப் பதின்மூன்றாவது பின்னூட்டம். நாடி ஐம்பத்தாறு.

“மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: பதிவில் திருத்தம் வேண்டுதல் தொடர்பாக. தாங்கள் குறிப்பிட்டுள்ள விபத்தில் காலமானவரின் மனைவி சீனியம்மாள் ஆகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் கணவருக்கு மதுப்பழக்கம் கிடையாது. அன்று அவர் மூன்று பியூஸ்களையும் கழற்றித் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவை என்னிடம் உள்ளன. மாற்று பியூஸ் பொருத்தப்பட்டதில் தங்களது கவனக்குறைவு இருந்ததாகத் தெரியவருவதால் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

அதற்குக் கீழே நான்: “விரிவான கருத்துக்கு நன்றி, தொடர்ந்து வாசியுங்கள்.”

அதற்கும் கீழே பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் எழுத்துக்கா, என் நன்றிக்கா என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமா பயமா என்றால், முதலில் வந்தது பயம்தான். அதை மறைப்பானேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் கோவில்பட்டி போனேன். தாலுகா ஆபீஸ் சந்தில் தார்ப்பாய் கட்டி, ஒரு மேஜை போட்டு தாவீது உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயசு இருக்கும். மேஜையில் மனுத் தாள், ஸ்டாம்பு, ஒரு பழைய கணினி. பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்மணி. கடலை மிட்டாய்க் கம்பெனிச் சீருடையில் வந்திருந்தார். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்கு என்னைத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் தாவீதிடமே ஆரம்பித்தேன். “நீங்க எப்படி இவங்க பேர்ல...”

“இதுதான் சார் இப்ப என் பொழப்பு. மனு எழுத யாரு வாரா? ஆனா இந்த நாடிப் பூட்டு வந்ததுலருந்து கோவக்காரங்க எல்லாம் நம்மகிட்டதான். எனக்கு நாடி சும்மாவே அம்பத்தி நாலு. டாக்டரே பயந்துட்டாரு. அவங்க சொல்லச் சொல்ல என் கையில பட்டையக் கட்டிட்டு நான் அடிப்பேன்.”

“இவங்க சொன்னத அப்படியே அடிச்சீங்களா?”

தாவீது தலையைச் சொறிந்தார். “அப்படியே அடிக்கத்தான் பாத்தேன். இந்தம்மா சொன்னது, ‘எம்புருசனக் கொன்னுட்டு அவரு மேலயே சிரிக்கியே, நீ மனுசனா’ன்னு. அதை அடிச்சா எனக்கே தொண்ணூறு போகுது சார். நாலு தடவை பாத்தேன். அப்புறம் ‘கவனக்குறைவு’ன்னு போட்டேன், எழுபது. ‘பரிசீலித்து ஆவன செய்யுமாறு’ன்னு போட்டேன், அம்பத்தாறுக்கு வந்துட்டு. இருபது வருசமா எழுதி எழுதி அந்த வரிக்கு நம்ம ஒடம்புல ஒன்னுமே ஆகாது.”

சீனியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். “நாப்பது நாளு நானே எழுதிப் பாத்தேன். கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல. அவுக பேர அடிச்ச ஒடனே கை படபடன்னு வந்துரும். ‘நிதானமாக மீண்டும் முயலுங்கள்’னு வரும். மூச்ச இழுத்து விடுன்னு பக்கத்துல இருக்க பிள்ளைக சொல்லுவாளுக. இழுத்து விட்டுட்டு மறுபடி அடிப்பேன். மறுபடி அதே.”

அவரே தொடர்ந்தார்.

“எனக்கு அது கூட வெசனமில்ல சார். எம் மவன் அந்தப் பதிவப் படிச்சுட்டான். யாரோ அவன் போனுக்கு அனுப்பியிருக்காக, சிரிப்புக் கதைன்னு. அவுக சாகும்போது அவனுக்கு ஒம்பது மாசம். அவனுக்கு அப்பான்னா நாஞ் சொன்ன அப்பாதான். ‘இத்தன வருசமா குடிகாரனத்தான் தெய்வம்னு சொல்லிட்டிருந்தியா’ன்னு கேட்டான். பியூஸக் காட்டுனேன். ‘யாரு வேணாலும் பையில போட்டிருக்கலாம்மா’ங்கான். இப்பம் வீட்டுல எங்கூட முகங்குடுத்துப் பேச மாட்டேங்கான். எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்தான்.”

மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று பீங்கான் பியூஸ்கள். ஒன்றில் மூலை உடைந்திருந்தது.

ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லைனில் வேலை பார்க்கப் போகிறவன் பியூஸைக் கழற்றி அங்கே வைக்கமாட்டான். தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். பியூஸ் பையில் இருக்கிறவரை உயிர் பையில் இருக்கிற மாதிரி. இதைப் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை.

“சீனியம்மா,” என்றேன். “அன்னைக்கு மேனேஜர் வீட்ல ஏதோ விசேஷம். கரண்ட் இல்லன்னு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. நான் போர்டைத் திறந்து பாத்தேன். மூணு பியூஸும் இல்ல. வழக்கம்போல எவனோ வேற லைனுக்குக் கழட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். ஸ்டோர்ல இருந்து புதுசு மூணு எடுத்துப் போட்டேன்.”

“யாரு கழட்டுனான்னு கேக்கலையா?”

“கேக்கல.”

“வெளிய வந்து கம்பத்த ஒரு தடவ பாக்கலையா?”

“பாக்கல.”

தாவீது எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பூட்டைத் திறந்ததுபோல் எனக்கு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. விசாரணையில் நான் அவன் குடித்திருந்தான் என்று சொல்லவில்லை. ‘கண்ணு சிவந்திருந்த மாதிரி இருந்துச்சு’ என்றுதான் சொன்னேன். அந்த ‘மாதிரி’யைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்தவர்கள் மிச்சத்தை எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு பிரிவுபசார விருந்தில் அந்தக் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். அடுத்த தடவை கொஞ்சம் கூட்டினேன். பத்துத் தடவை சொன்ன பிறகு அவன் தள்ளாடியது என் கண்ணிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. பதிவு எழுதிய அன்று நான் பொய் எழுதுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் கேவலம்.

“மூணு நாளா ராத்திரி ஷிப்ட் பாத்தா யாருக்குக் கண்ணு செவக்காது?” என்றார் சீனியம்மாள். அவ்வளவுதான் கேட்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பிறகு, “உங்களக் கேக்கணும்னு இத்தன நாளா என்னெல்லாமோ வச்சிருந்தேன். இப்பம் ஒன்னும் வாயில வரல. நீங்களே எழுதுங்க. நல்லாத்தான எழுதுதீக,” என்று சொல்லிவிட்டு, பியூஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு நேரமாச்சென்று கிளம்பிவிட்டார்.

எழுதினேன். ஐந்து நாள் ஆனது. எதையும் மறைக்கவில்லை. மேனேஜரின் போன், திறந்த போர்டு, ஸ்டோரில் எடுத்த மூன்று பியூஸ், விசாரணையில் சொன்ன ‘மாதிரி’, விருந்தில் வாங்கிய சிரிப்பு, தாவீதின் மேஜை எல்லாம் வந்தது. கோவில்பட்டி போய்வந்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை என்பதையும் எழுதினேன். பழைய பதிவை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். போடுவதற்கு முன்னால் நிதானத்துக்குள் போய் எண்பத்து நான்கை அழித்தேன். யார் வேண்டுமானாலும் எந்தக் கொதிப்பிலும் எழுதலாம். “உறுதியாகத்தானா?” என்று அது மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

திட்டு வாங்கத் தயாராகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தது.

“தங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன் ஐயா.” “இந்த வயதில் இப்படி ஒரு துணிச்சலா!” “கண்கள் கலங்கிவிட்டன. நீங்கள் உங்களை மன்னிக்க வேண்டும்.” “உண்மையின் ஒளி.” நேயன்கூட வந்தார்: “சிறப்பு. நடையில் முதிர்ச்சி தெரிகிறது. பிழை ஒன்றே ஒன்று.” சாயந்தரத்துக்குள் முன்னூறைத் தாண்டியது. பழைய பதிவைவிட அதிகம். நாடி எல்லாம் அறுபது, எழுபது. பூட்டைக் கழற்றியும் ஒருத்தருக்கும் எகிறவில்லை. ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் இந்தப் பூட்டு தொங்குகிறது. ஜனங்கள் சூடு ஆறிய பிறகே எழுத வந்து பழகிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மனிதனைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறேன், எனக்கு மாலை விழுகிறது. விரல் பழக்கதோஷத்தில் நன்றி பட்டனுக்குப் போனது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த மாலை கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒன்று வந்தது. நாடி நூற்று முப்பத்தொன்று. பெயர்: வெ. மாரீஸ்.

“யோவ் பெருசு. ஒம் பதிவ மூணு தடவ படிச்சேன். நீ பட்ட வேதனை இருக்கு. ஒனக்குத் தூக்கம் வராதது இருக்கு. மேனேஜர் இருக்கான், மனு எழுதுறவர் இருக்காரு, எங்கம்மா பேரு இருக்கு. எங்கப்பன் பேரு எங்கய்யா? அந்தப் பதிவுலயும் வயர்மேன், இந்தப் பதிவுலயும் வயர்மேன். மேனேஜர் வீட்டு நாய் டைகரப் பத்தி தனிப்பதிவு போட்ட ஆளுதான நீ? கொன்னது நீ, அழுதுக்கிடுததும் நீ, கைதட்டு வாங்குறதும் நீ. செத்தவனுக்குப் பேரு கெடையாதாக்கும். த்தூ. எங்கம்மாட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். நீ எங்கப்பன் பேர எழுது.”

முன்னூறு பேர் படித்தார்கள். ஒருத்தருக்கும் அது குறையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. இதோ, இத்தனை நேரமாக உங்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வலைப்பதிவு வந்தது, நாடி வந்தது, நான் வாங்கிய சிரிப்பு வந்தது. அவர் பெயர் மட்டும் இதுவரை வரவில்லை. மறந்துபோய் அல்ல. ஆலையில் ஒலிபெருக்கியில் ஆயிரம் தடவை கூப்பிட்ட பெயர். அதை எழுதினால் கம்பத்தில் இருந்தது யாரோ ஒரு வயர்மேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தப் பின்னூட்டத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பதிவின் தலையிலேயே ஒட்டி வைத்தேன். பதில் எதுவும் போடவில்லை. பிறகு பதிவைத் திறந்து, வயர்மேன் என்று இருந்த ஒவ்வொரு இடமாக அழித்து அழித்து எழுதினேன். பதினேழு இடம். பதினேழிலும் என் மணிக்கட்டுப் பட்டை எண்பத்து நான்கைத் தாண்டிக் காட்டியது.

அவர் பெயர் வெயிலுமுத்து.